சித்திரை தாங்காத கன்றுகள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம் பட்டை விற்றுவந்த ஹபீப் சாயபு ஒருமுறை நீலகிரிக்குப் போய்வந்தார். அங்கே சரிவெங்கும் வாட்டில் என்ற சீமை மரங்கள் நின்றன. அவற்றின் பட்டை ஆவாரம் பட்டையைவிடச் சீக்கிரம் தோலைப் பதப்படுத்தும் என்றார்கள். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டாளத்து பூட்ஸுக்காகத் தோல் போய்க்கொண்டே இருந்தது. ஊரைச் சுற்றி ஆவாரம் புதர்கள் மொட்டையாகிக்கொண்டிருந்தன.

சாயபு வாட்டில் கன்றுகளோடு திரும்பினார். கூடவே, குன்னூரில் தோட்டவேலை பார்த்த சாமுவேலையும் அவன் மனைவி சவுரியம்மாளையும் அழைத்துவந்தார். பாலாற்று மேட்டில் இருந்த தன் ஆவாரங்காட்டை வேரோடு தோண்டச் சொன்னார்.

"அது தண்ணி கேக்காம வளருது. இருக்கறதப் பிடுங்கிட்டு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி வஹீதா.

"கொஞ்ச வருசம் பொறு. ஊரே நம்மகிட்ட வரும்."

ஐப்பசி மழைக்கு நட்டவை தை வரைக்கும் தளதளவென்று நின்றன. மாசியில் நுனி கருகியது. பங்குனியில் குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீரே மண்ணில் சூடேறியது. சித்திரை பிறந்தபோது அந்த மேட்டில் பச்சை என்று எதுவுமே இல்லை. பிடித்துவைக்கப் புதர் இல்லாத மண் காற்றில் எழும்பி, வீட்டுச் சோற்றுப் பானைவரை வந்து விழுந்தது.

"வெயில் ஜாஸ்தி, அவ்ளோதான். மேல போவணும்" என்றார் சாயபு.

அடுத்த மழைக்கு ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்திப் பக்கம், ஓடையோரம் நட்டார். கன்றுகள் கோடையைத் தாண்டின. ஆனால் ஓடையில் கொசு இருந்தது. சாமுவேலுக்குக் குளிர்சுரம் கண்டது.

"இந்த எடம் எனக்கு ஒத்துக்கல சாயபு. ஊருக்குப் போய்ட்றேன்."

"கன்னு பிடிச்சிடுச்சுப்பா. மழை வர்ற வரைக்கும் இரு."

மழை வருமுன் சாமுவேல் செத்துப்போனான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகளும் இலை உதிர்த்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

அப்போதும் சாயபு திரும்பவில்லை. நடாமல் வைத்திருந்த மிச்சக் கன்றுகளைச் சுமக்க ஆள் பிடித்து மலை உச்சிக்கே போனார். குடிசை போட்டுக்கொண்டார். மாதங்கள் போயின. யாரோடும் பேசுவதில்லை என்று சேதி மட்டும் இறங்கிவந்தது.

அடிவாரத்திலேயே தங்கி, மலையில் விறகு பொறுக்கிப் பிழைத்துவந்த சவுரியம்மாளைத் தேடி வஹீதா போனாள். "உன்னைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. ஆனா அந்த மலைப் பாதை உனக்குத்தான் தெரியும்."

சவுரியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

உச்சியில் கன்றுகள் உயிரோடு இருந்தன, தோள் உயரத்தில். நடுவே மஞ்சளேறிய கண்களோடு சாயபு. கத்தியால் ஒரு மரத்தைச் சீவிக் காட்டினார். வெங்காயச் சருகுபோல் மெல்லிய பட்டை கையோடு வந்தது.

"பாத்தியா வஹீதா, உசுரு இருக்கு. பட்டைதான் தடிக்கல. இன்னும் கொஞ்சம் மேல போனா..."

"இதுக்கு மேல மலை இல்ல சாயபு" என்றாள் சவுரியம்மாள்.

அவர் அவள் பக்கம் திரும்பிக் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "சாமுவேல் எங்கம்மா? கன்னுக்குத் தண்ணி ஊத்தச் சொன்னேனே?" என்றார்.

இருவரும் மலைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். டோலி கட்டி இறக்கினார்கள். அடிவாரத்தில் வெக்கை உலைபோல் முகத்தில் அடித்தது. மூன்று கம்பளிக்குள் சாயபு நடுங்கிக்கொண்டே இருந்தார். அந்தக் கோடையை அவரும் தாண்டவில்லை.