பரல் நின்ற இடம்

"வைகாசி, முதலாம் செவ்வாய். மாலை 5.20. வாய்க்கால் வீதி. பாலத்தடியில் தொடங்கி மில்லடி வரை, திரும்பவும் பாலம். ஓட்டமும் நடையும். ஏழு தடவை நின்றேன். சாட்சி: ஒரு மாடு."

என் குறிப்புப் புத்தகத்தில் ஓட்டம் பற்றிய முதற்பதிவு இது. அதற்கு முந்திய பக்கங்களில் மழை பெய்த நாட்களும் காலை பஸ் பிந்திய நாட்களும் வாய்க்காலில் தண்ணீர் திறந்த நாட்களும் இருக்கின்றன. ஓடுவேன் என்று ஐம்பத்தொரு வயது வரை நினைத்ததில்லை.

வாசிகசாலைப் பலகையில் ஒட்டியிருந்த அறிவித்தல்தான் காரணம். ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், மைதானத்திலிருந்து மதகடி வரை சென்று திரும்பல், வயதெல்லை இல்லை. கடைசி இரண்டு சொற்களும் எனக்குப் பிடிக்கவில்லை. சனம் பார்த்துச் சிரிப்பதற்கு நாலைந்து வயதானவர்கள் தேவைப்படுகிறார்கள் என்று பட்டது. ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இதையும் அரைவாசியில விடுறதெண்டால் இப்பவே விடுங்கோ. சப்பாத்து வாங்க முதல்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. குசினிச் சுவர் பாதி பூசியபடி நிற்கிறது. சிங்கள வகுப்புக்கு மூன்று கிழமை போனேன். எங்கள் ஊரான வட்டக்கச்சியின் வரலாற்றை எழுதத் தொடங்கி, குடியேற்றக் காலத்தைத் தாண்டாமல் கட்டி வைத்திருக்கிறேன். "அலுமாரிக்குள்ள அரைவாசி ஊர் கிடக்குது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். எனவே இந்த ஐந்து கிலோமீற்றர் ஐந்தாகவே இருக்க வேண்டும். ஒன்றையாவது முழுதாக முடித்தேன் என்று என் கையெழுத்தில் ஒரு வரி வேண்டும்.

வாய்க்கால் ஓரமாகக் கச்சான் கடலையும் மிளகாயும் செய்கிறவர் எங்கள் பக்கத்துக் காணிக்காரர். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது இங்கே. அவருடைய பேச்சில் இரண்டு இடமும் உண்டு. இரண்டாம் நாள் நான் ஓடி வருவதைக் கண்டதும் மண்வெட்டியோடு வரம்பில் ஏறினார்.

"என்னாண்ணே, யானையா?"

"இல்லை."

"அப்ப யாரு வெரட்டுறா?"

"ஒருத்தருமில்லை. சும்மா ஓடுறன்."

அவர் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் இருந்த வீதியை வெகுநேரம் பார்த்தார். நான் மில்லடியில் நின்று புத்தகத்தை எடுத்து நேரம் எழுதியது அவரது ஐயத்தைக் கூட்டிவிட்டது. சிறுபோகத் தண்ணீர் முறை வைத்து விடுகிற காலம்; வாய்க்காலில் மோட்டர் வைத்து இறைக்கக் கூடாது. மூன்றாம் நாள் மறித்துக் கேட்டார்.

"நெசமா சொல்லுங்கண்ணே. வாய்க்கால்ல யாரு மோட்டர் போடுறான்னு எழுதுறீங்களா?"

புத்தகத்தை அவரிடமே கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்தார். மாடு வருகிற வரியில் விரலை வைத்து, "இது என் மாடுதான்" என்றார். அப்போதுதான் மில்லடி எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டேன்.

"பாலத்திலருந்து சரியா ரெண்டு கட்டை."

இரண்டு கிலோமீற்றர் என்று எழுதிக்கொண்டேன். போய்வர நான்கு. கைபேசியில் தூரம் அளக்கிற ஒன்றை மனைவி போட்டுத் தந்திருந்தாள். நான் கதிரையில் இருந்து தேநீர் குடித்த நேரத்தில் நூற்றுப்பத்து அடி நடந்ததாக அது சொன்னதால் அன்றைக்கே அழித்துவிட்டேன்.

ஆனி முடிவில் நிற்காமல் ஓடக் கூடியதாக இருந்தது. ஆனால் நான்கு கிலோமீற்றருக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. வேகமாக நடக்கிறவனுக்கே அவ்வளவு தேவையில்லை. மணிக்கூட்டை ஐயப்பட்டு வானொலிச் செய்தி நேரத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. சப்பாத்தை ஐயப்பட்டு வெறுங்காலோடு ஓடினேன், முள் ஏறியது. கடைசியில் என் நெஞ்சை ஐயப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியர் சோதித்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமில்லை, ஓடுங்கள் என்றார். அவ்வளவு கெதியாகச் சொன்னதையும் நான் முழுதாக நம்பவில்லை. ஐந்துக்கு அறுபத்தைந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று இருந்தேன்.

ஆடி மாதம், ஞாயிறு, காலை ஆறரை. இலக்கத் துண்டை ஊசியால் சேட்டில் குத்தி விட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நானும் ஓய்வு பெற்ற தபாற்காரர் ஒருவரும்தான். ஊசி குத்திய துண்டோடு புத்தகத்தைச் சட்டைப்பையில் வைக்க முடியவில்லை; மனைவியிடம் கொடுத்தேன். இளையவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள். தபாற்காரர் என்னோடு கொஞ்சத் தூரம் வந்து, "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்று நடக்கத் தொடங்கினார். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் புழுதியை அள்ளி அடித்தது.

திரும்பும் இடத்துக்கு வெள்ளையடித்த தார்ப் பரல் ஒன்றை, வெறும் தகரப் பீப்பாயை, நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் அருகில் ஒரு மருதமர நிழலில் கதிரை போட்டு, வருகிறவர்களின் கையில் சிவப்பு றப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தவர் நம்முடைய காணிக்காரர். எனக்கு மதகு கண்ணில் படவில்லை.

"மதகு எங்க?" என்றேன்.

"ஓடுங்கண்ணே. மதகு எங்கயும் ஓடிப் போகாது."

வளையத்தோடு திரும்பி ஓடினேன். மைதானத்தில் கைதட்டினார்கள். சிரித்ததாக ஒருவரையும் காணவில்லை. மனைவி மணிக்கூட்டைக் காட்டினாள்: முப்பத்தெட்டு நிமிடம்.

ஐந்து கிலோமீற்றரை நிறைவு செய்தமைக்காக என்று அச்சடித்த சான்றிதழைத் தந்தார்கள். அறுபத்தைந்து எப்படி முப்பத்தெட்டு ஆகும்? காணிக்காரரின் கதிரை மதகடியிலிருந்து மர நிழலுக்கு வந்தபோது பரலும் கூட வந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. வீடு வந்து சான்றிதழை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"தூரம் குறைச்சுப் போட்டாங்கள். இதுவும் அரைவாசிதான்" என்றேன்.

மனைவி சோறு போட்டபடி கேட்டாள். "மில்லடி எவ்வளவு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பக்கத்துக் காணிக்காரர். ரெண்டு கட்டை எண்டு."

அவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கட்டை எண்டால் மைல் எல்லோ? புத்தகம் புத்தகமாப் படிக்கிறீங்கள், இது தெரியாதோ?"

தெரியும். ஆனால் வீதியில் இப்போது நடுகிற கிலோமீற்றர்க் கல்லையும் சனம் கட்டை என்றுதான் சொல்கிறது. அவளுடைய ஸ்கூட்டியில் பின்னால் இருந்து போனேன். பாலத்திலிருந்து மில்லடி, ஸ்கூட்டியின் மீற்றர்ப்படி மூன்று தசம் இரண்டு கிலோமீற்றர். போய்வர ஆறு கிலோமீற்றருக்கு மேல்.

"அப்ப ஐஞ்சை எப்பவோ முடிச்சிட்டீங்கள்" என்றாள். "ஆனி மாசமே."

"அதுக்குச் சாட்சி இல்லையே."

"மாடு நிண்டதுதானே."

அப்படியே மைதானத்திலிருந்து மதகுக்கும் போனோம். சரியாக இரண்டரை. எனவே பரல் மதகடியில் நின்றிருந்தால் நான் ஓடியது ஐந்து. திரும்பும் வழியில் காணிக்காரரைக் கண்டு ஸ்கூட்டியை நிறுத்தச் சொல்லி, பரலை நகர்த்தினீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"வெயிலு மூஞ்சியில அடிச்சுச்சு, கதிரையத் தள்ளினேன். பரல நான் தொடல" என்றார்.

"பரல் உங்களுக்குப் பக்கத்தில எல்லோ நிண்டது."

"வெறும் பரலுண்ணே. காத்து உருட்டியிருக்கும்."

"காற்று உருட்டின பரல் நிமிந்து நிக்குமோ?"

அவர் மனைவியைப் பார்த்தார். "அக்கா, இவரு ஓடுனதே இதக் கேக்கத்தானா?" அவள் அடக்க முடியாமல் சிரித்தாள்.

மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்தேன். பரலின் அடையாளம் ஏதாவது இருந்திருந்தாலும் காற்று அதை விட்டு வைத்திருக்கவில்லை. மதகுக்கு இப்பால் மருதமரங்கள் மூன்று நிற்கின்றன. முதலாவது மதகிலிருந்து இருபது அடி. அதன் கிளைகள் மதகை மறைக்கும். கடைசி மரம் இருநூறு அடிக்கு மேல். நான் எந்த மரத்தடியில் திரும்பினேன் என்பது நினைவில் இல்லை. புத்தகம் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

மனைவி சான்றிதழை எடுத்துக் குசினிச் சுவரில் பூசிய பாதியில் மாட்டினாள். மற்றப் பாதியை நான் ஆவணியில் பூசி முடித்தேன், திகதி எழுதியிருக்கிறேன். ஓட்டத்துக்கான பதிவு இது:

"ஆடி, ஞாயிறு. 38 நிமிடம். நிற்கவில்லை. முடித்தேன். பரல் நின்ற இடம் இன்னும் உறுதிசெய்யப்படவில்லை."