ஆணியில் தொங்கிய ரொட்டி

கடையை மறுபடி திறந்த இந்த வாரம் முழுக்க என்னிடம் சம்பூசா வாங்க வருகிற பெண்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நீலம் போட்டிருக்கிறாயே, யார் போய்விட்டார்கள், வீட்டுக்காரரா என்று. எனக்கு வீட்டுக்காரன் என்று ஒருத்தன் இருந்ததே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இருந்தவனும் நான் நீலம் உடுத்தித் துக்கம் காக்கிற அளவுக்கு யோக்கியன் இல்லை. ஓய்ஜமோலுக்காக உடுத்தியிருக்கிறேன் என்றால் புருவத்தைத் தூக்குகிறார்கள். எங்கள் துஷான்பே நகரத்தில் துக்க நீலம் சொந்தக்காரர்களுக்குத்தான். கடையில் பக்கத்தில் நின்று மாவு பிசைந்தவளுக்காக யாரும் அதை உடுத்துவதில்லை. அதிலும் நான் குலோப் ஊர்க்காரி, அவள் கர்ம் ஊர்க்காரி. இந்த இரண்டு ஊர்க்காரர்களும் அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போர் முடிந்து இத்தனை வருடமாகியும் வாயைத் திறந்தால் யார் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் எதிரில் இருப்பவரின் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

உண்மையில் இந்த உடையே அவளுடையதுதான். அவளே தைத்து, தப்பான ஆளுக்காக ஒருமுறை உடுத்திய உடை. அவள் என்னைவிட ஒல்லி. இடுப்பில் பிரித்துத் தைத்த பிறகுதான் எனக்கு நுழைந்தது.

அவளை நான் முதலில் பார்த்தது ரயில் நிலையத்துக்கு முன்னால். எங்கள் பக்கத்து ஆட்கள் நகரத்தைப் பிடித்திருந்த குளிர்காலம் அது. தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்தி அடையாளச் சீட்டைக் கேட்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் பேசச் சொல்வார்கள். பேச்சில் கர்ம் வாடை அடித்தால் அவ்வளவுதான், சுவர் ஓரமாகக் கூட்டிப் போய்விடுவார்கள். நான் நூற்பாலையில் வேலை பார்த்தவள். ஆலை நின்றுபோயிருந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போன என் கணவன் வேறொருத்தியோடு தங்கிவிட்டிருந்தான். அப்படிப்பட்டவள் ரயில் நிலையத்தில் எதற்கு நின்றேன் என்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வரிசையில் ஒருத்தி சிவப்புத் துணி மூட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முறை வந்ததும் உதடு நடுங்கியதே தவிர சத்தம் வரவில்லை. காலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காலணிகள். அதைப் பார்த்துத்தான் எனக்கு மனசு கேட்காமல் போயிருக்க வேண்டும். நேரே போய் அவள் கையைப் பிடித்து, இவள் என் அண்ணி, பிறவி ஊமை, கேட்பதை என்னிடம் கேளுங்கள் என்று அசல் குலோப் இழுவையில் கத்தினேன். ஊமை அண்ணி கிடைத்தவள் கொடுத்து வைத்தவள் என்று அந்தப் பையன்கள் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அறைக்கு வெளியே அவள் ஊமை. ஆலைக்காரர்கள் தங்கும் விடுதியில் எனக்கு ஓர் அறை இருந்தது. கதவைச் சாத்தியதும் வாய் திறப்பாள். திறந்தால் மூட மாட்டாள் என்பது வேறு விஷயம்.

மூட்டையில் இருந்தது ஒரு ரொட்டி. ஒரு ஓரத்தில் மட்டும் கடித்திருந்தது. அவள் கணவன் சைத்முராத் சண்டைக்குக் கிளம்பின காலையில் அவன் தாய் சுட்டுக் கொடுத்தது. கிளம்புகிறவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டில் தொங்கவிடுவார்கள். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும். அது பத்திரமாக இருக்கிறவரை அவனும் பத்திரமாக இருப்பான். எங்கள் பக்கத்திலும் இதே வழக்கம்தான். ஆனால் வீடு பற்றி எரிகிறபோது அலமாரியில் இருந்த தங்கத் தோட்டை விட்டுவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அறிவு கெட்டவள் என்று நான் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டாள். நான் அந்த ரொட்டியையே அவள் புருஷன் என்று கூப்பிட ஆரம்பித்தேன். "உன் புருஷன் மேல தூசி படிஞ்சிருக்கு பாரு, தட்டி விடுடி" என்பேன். அவளும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து போய்த் தட்டிவிடுவாள்.

கொஞ்ச நாள் போனதும் அவளும் என்னோடு தெருவுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. மாவுக் கஞ்சிக்குக்கூட வழியில்லாத வீட்டில் யார் யாரைத் தடுப்பது. எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருத்தி வண்டியில் ஏறினால் மற்றவள் அந்த வண்டியின் எண்ணை ஓட்டுகிறவன் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். உன் எண் எங்களுக்குத் தெரியும், இவளைத் திருப்பிக் கொண்டுவந்து விடு என்று அர்த்தம். ஓய்ஜமோல் ஏறும்போது நான் படிப்பேன். நான் ஏறும்போது ஊமை எப்படிப் படிப்பாள்? வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு அறை அறைவாள். பிறகு எண் பலகைக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் எட்டிப் பார்க்கிறவரை எழுந்திருக்க மாட்டாள். ஊருக்குள் முகாம் போட்டிருந்த ரஷ்யச் சிப்பாய்கள் அவளைக் கண்டாலே பயந்தார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் திரும்பி வராமல் போனவர்கள் உண்டு. நான் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தேன்.

வருடங்கள் போயின. சண்டை மலைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. சமாதானம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கெட்டு ஊரெங்கும் குடல் காய்ச்சல் பரவியது. விடுதியில் முதலில் படுத்தது நான்தான். ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பிடி மாவுக்காக ஓய்ஜமோல் கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்தே இல்லை என்று பதில் வந்ததாம். என்னை விட்டுவிட்டு அவள் வேலைக்கும் போகவில்லை. எனக்கு அந்த நாட்கள் ஞாபகத்திலேயே இல்லை. வாயில் ஏதோ சூடாக, உப்பாக, கொழகொழவென்று இறங்கியது மட்டும் கனவு மாதிரி நினைவிருக்கிறது.

நினைவு தெளிந்த காலையில் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. சிவப்புத் துணியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

"உன் புருஷன் எங்கடி?" என்றேன், வழக்கம்போல.

"உன் வயித்துல இருக்கார்" என்றாள். சிரிக்கவில்லை.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் எங்கிருந்தோ நீலத் துணி வாங்கி வந்து தைக்க உட்கார்ந்தாள். யாருக்கு என்று கேட்டேன். அவருக்குத்தான் என்றாள். சாவுச் செய்தி வந்ததா என்றால், இல்லை. பிறகு எதற்கு? ரொட்டி போய்விட்டதே, அவர் மட்டும் எப்படி இருப்பார் என்றாள். ரொட்டிக்கும் தோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். அந்தத் துணியைப் பிடுங்கக்கூடப் பார்த்தேன். என் வயிற்றில் இருக்கிற ரொட்டிக்காக ஒருத்தி தன்னை விதவையாக்கிக்கொள்வதை உட்கார்ந்து பார்ப்பதைவிட அந்தக் காய்ச்சலிலேயே போயிருக்கலாம் என்றிருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த தையலுக்குப் போனாள்.

துக்கத்தில் இருக்கிறவள் புருவத்துக்கு மை தீட்டக் கூடாது, தோடு போடக் கூடாது. தெருவில் நின்று தொழில் செய்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் நான் போகிறபோது கூடவே வந்து மூலையில் நிற்பாள். நீலம் உடுத்திய ஒருத்தி வந்து வண்டியின் மேல் இரண்டு அறை அறைந்தால் எந்த ஆண்பிள்ளைக்கு ஆசை மிஞ்சும்? பாதிப் பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். என் பிழைப்பில் மண்ணைப் போட்டாயே என்று திட்டினேன். மறுநாள் வெங்காயமும் ஆட்டுக் கொழுப்பும் கடன் வாங்கி வந்து சம்பூசா செய்ய ஆரம்பித்தாள். விடுதி வாசலில் வைத்து விற்றோம். காய்ச்சல் காலத்தில் கதவைத் திறக்காதவர்கள் எல்லோரும் வந்து வாங்கித் தின்றார்கள். நாங்கள் தெருவை விட்டது இப்படித்தான், ஒரு துக்க உடையால்.

அந்த வருடம் சமாதானக் கையெழுத்து ஆனது. எல்லையில் ஓடும் பஞ்ச் ஆற்றைத் தாண்டி அந்த நாட்டுக்கு ஓடிப்போனவர்கள் பேருந்துகளில் திரும்பி வந்தார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு மத்தியானம் நாங்கள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது திறந்திருந்த கதவில் ஒருவன் வந்து நின்றான். தாடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உடையைத்தான் பார்த்தான்.

"யாருக்கு?" என்றான்.

ஓய்ஜமோல் எழுந்து போய் அவன் சட்டைக் கையைத் தொட்டாள். விட்டாள். மறுபடி தொட்டாள்.

"உங்களுக்குத்தான்" என்றாள்.

உயிரோடு இருப்பவனுக்கு நீலம் உடுத்துவதைவிடப் பெரிய சாபம் எங்களிடம் கிடையாது. ஆனாலும் உள்ளே வந்தான், உட்கார்ந்தான். நான் தேநீர் ஊற்றி வைத்தேன். வாயைத் திறந்தால் என் ஊர் தெரிந்துவிடும் என்று பேசாமலே இருந்தேன். இந்த முறை ஊமையானது நான்.

அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அகதி முகாம் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னான். ஆற்றங்கரையில் குலோப் ஆட்கள் தன் தம்பியைச் சுட்டதைச் சொன்னான். பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டேஷன் பக்கம் நீ நின்னத ஊர்ல சொன்னாங்க" என்றான். ஓய்ஜமோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்க நான் என்னென்ன செஞ்சேன்னு நீ கேக்காத. நானும் கேக்கல. கிளம்பு, வீட்டுக்குப் போகலாம். கூரை போட்டுட்டேன்."

இப்படி ஒருவன் இருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. பொறாமையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. எழுந்து அவளுடைய துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அவளும் கதவுப் பக்கம் வந்து காலணி போட்டுக்கொண்டாள். அப்போதுதான் அவன் ஆணியைப் பார்த்தான்.

"ரொட்டி எங்க? அம்மா கேட்டாங்க. வந்ததும் அத நான் தின்னு முடிக்கணும்னு காத்திருக்காங்க."

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் தின்னுட்டேன் அண்ணா. இவ வெளிய போயிருந்தப்ப, பசி தாங்காம திருடித் தின்னுட்டேன்."

அவன் மெல்லத் திரும்பினான். "நீ குலோப்பா?"

ஆமாம் என்றேன். அவன் கை முஷ்டியாவதைப் பார்த்தேன். ஆனால் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவளிடம்தான் பேசினான். திருடுபோனதற்கு நீ என்ன செய்வாய், உன் மேல் தப்பில்லை, குலோப்காரி திருடித் தின்றுவிட்டாள் என்றே அம்மாவிடம் சொல், அவள் உடனே நம்பிவிடுவாள், இனிமேல் இவள் முகத்தில் மட்டும் விழிக்காதே என்றான்.

நான் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன். போய்த் தொலைடி. அவன் பின்னால் நட, அது போதும். வீடு இருக்கிறது, கூரை இருக்கிறது, உன்னை எதுவும் கேட்காத மனிதன் இருக்கிறான். அவளும் மூட்டையை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"அவ திருடல" என்றாள். "அவளுக்கு நினைவே இல்ல, காய்ச்சல்ல கிடந்தா. நான்தான் டீயில உப்புப் போட்டு ஊறவெச்சு, ஒவ்வொரு வாயா ஊட்டினேன்."

"போகட்டும். உனக்கு வேற வழியில்ல. அவ்வளவுதானே?" என்றான் அவன். பாவம், அவளுக்கு இன்னும் வழி விட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"நீங்க செத்துடுவீங்கன்னு தெரிஞ்சேதான் ஊட்டினேன்" என்றாள் ஓய்ஜமோல்.

உடம்பை விற்றதை மன்னித்தவனால் இதை மன்னிக்க முடியவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். யாரால் முடியும்? தேநீர் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் அன்று அழுத அழுகையை நான் சொல்லப் போவதில்லை. அழுது முடித்து, உடையை மாற்றி, நீலத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். தூக்கி எறி, சனியன் என்றேன். நல்ல துணி, யாருக்காவது ஆகும் என்றாள். பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். உன் பேரில் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குமா என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு மாவைப் பிசைவாள்.

பிறகு இந்தக் கடை. இரண்டு பேருக்கும் வயதானது. போன மாதம் நெஞ்சு வலி என்று மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்ட வந்த பெண்களோடு நானும் நின்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஓத வந்த அம்மாள் என் நீலத்தைப் பார்த்துவிட்டு, சொந்தம் இல்லாதவள் இதை உடுத்தலாமா என்று கேட்டாள். நான் ஓய்ஜமோலின் கூந்தலில் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன்.

இன்று காலை அதே அம்மாள் சம்பூசா வாங்க வந்து மறுபடி கேட்டாள், அவள் உனக்கு என்ன முறை வேண்டும் என்று.

"எனக்காகப் புருஷனையே கொன்னவ" என்றேன்.

அவள் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டாள். அவன் சாகவில்லை. வக்ஷ் ஆற்றுப் பக்கத்தில் பருத்தி போட்டுக்கொண்டு, மறுபடி கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறான்.