கூட்டாளிக் கிருமிகளும் நாங்களும்

எச்.ஐ.வி. கிளினிக்கில் வேலை செய்கிற தாதிக்கு அந்தக் கிருமியோடு சண்டை குறைவு. அது கூட்டி வருகிற கூட்டாளிகளோடுதான் மல்லுக்கட்டு. கிருமியை அடக்கக் குளிசை இருக்கிறது. ஒழுங்காக விழுங்கினால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் ஆள் எங்களிடம் வந்து சேருவதற்குள் காசமோ மூளையில் கட்டியோ உள்ளே பாய் போட்டுப் படுத்துவிடும். மட்டக்களப்பில் என்னோடு இந்த வேலையில் நின்று குரல் வற்றியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் வாசியுங்கள், ஏதாவது ஒரு கிளினிக் வாங்குப் பலகையில் காத்துக் கிடந்து அலுத்தவர்தானே நீங்களும். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கழுத்து வீங்கிய கதை

யோகராசா வாகரையில் கடலுக்குப் போகிறவர். இருமி இருமி, நெஞ்செலும்பு தெரிய வந்தார். நெஞ்சுநோய் கிளினிக்கில் காசம் என்று கண்டுபிடித்து, அங்கே செய்த இரத்தச் சோதனையில் எச்.ஐ.வி.யும் தெரிந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். டொக்டர் இரண்டுக்கும் ஒரேயடியாக மருந்து தொடங்கவில்லை. முதலில் காச மருந்து; உடம்பு அதைத் தாங்கிக்கொண்ட பிறகு மற்றது. இருமல் அடங்கியது, சோறு இறங்கியது. எச்.ஐ.வி. குளிசையும் தொடங்கி நாங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவருடைய கழுத்தில் ஒரு பக்கம் தேசிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. காய்ச்சலும் திரும்பியது. மனிசன் கிளினிக்குக்கு வரவில்லை.

போன் எடுத்தேன். "உங்கட குளிசதான் என்னைக் கொல்லுது. எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டன்" என்றார். "நிப்பாட்டினதுக்கு ஏச மாட்டன் அண்ணன். கழுத்த மட்டும் டொக்டருக்குக் காட்டிட்டுப் போங்க" என்று கெஞ்சினேன். அடுத்த நாள் மனைவி அவரை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் இருத்தினா. டொக்டர் வீக்கத்தில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு நாளும் உங்கட உடம்புக்குச் சண்டை பிடிக்கச் சத்தில்ல. இப்ப சத்து வந்துட்டு. ஒளிச்சிருந்த காசத்தை அது தேடிப் பிடிச்சு அடிக்குது, அதான் வீக்கம்." அவர் நம்பாமல்தான் திரும்பவும் விழுங்கத் தொடங்கினார். காச மருந்து முடிந்த அன்று, வெயிலில் கறுத்து, தோள் திரண்டு வந்து நின்றார். கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கழுத்து வீங்கித்தான் உயிர் தப்பினனெண்டு சொன்னா, வாகரையில ஒருத்தனும் நம்பமாட்டான் மிஸ்!"

கைக்குக் கேட்ட மருந்து

காத்தான்குடியில் கைத்தறி நெய்கிற ஜவாத் நானாவை வாட்டுக்குள் தள்ளுவண்டியில்தான் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சுக் குழறியது. பாரிசவாதம், இனித் தறியில் குந்த மாட்டார் என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். மனைவி பரீதா மட்டும், "ரெண்டு கிழமையாத் தலயிடி, காய்ச்சல் எண்டு சொல்லிக்கிட்டே இருந்தாரே, பாரிசவாதத்துக்குக் காய்ச்சல் வருமா மிஸ்?" என்று எல்லோரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டா. ஸ்கேனில் மூளைக்குள் கட்டிகள். இரத்தத்தில் எச்.ஐ.வி. உடம்பில் எதிர்ப்புச் சத்து அற்றுப்போனதால், உள்ளே தூங்கிக் கிடந்த வேறொரு கிருமி எழும்பி மூளையில் கட்டி போட்டிருந்தது. எங்களுக்குத்தான் உயிர் வந்தது. பாரிசவாதமென்றால் நாங்கள் என்ன செய்ய? இதற்கு மருந்து இருக்கிறது.

சில நாளில் பெருவிரல் அசைந்தது. பிறகு கரண்டி பிடித்தார். பிறகு பேசினார். பேசினார் என்றால், பக்கத்துக் கட்டில்காரர் போர்வையால் காதை மூடுகிற அளவுக்கு. சோற்றில் உப்பில்லை, காற்றாடி சுழலவில்லை, பரீதா ஏன் சுணங்கி வந்தா? வீட்டுக்குப் போகிற நாள், தன் கையாலேயே சாரத்தை உடுத்திக்கொண்டு, வாசல் வரை நடந்து, அங்கேயும் ஓட்டோக்காரரை ஏசினார். பரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பையும் அடக்க மாட்டாமல், என் காதில் சொன்னா:

"கைக்கு மட்டுந்தான் மருந்து கேட்டம் மிஸ், நீங்க வாய்க்கும் சேர்த்துக் குடுத்திட்டீங்க!"

ஊசிக்குப் பயந்த புருசன்

கரடியனாற்று ராஜினி வயிற்றில் பிள்ளையோடு வந்தா. முதல் சோதனையிலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் இருந்தன. வயிற்றில் கிடந்த சின்னதுக்கு இரண்டு பக்கத்தாலும் ஆபத்து. சொன்னதும் அவ அழவில்லை. "புள்ளைக்கு வராமப் பண்ணலாமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றா. பண்ணலாம் என்றோம். அன்றைக்கே எச்.ஐ.வி. குளிசை தொடங்கினா; சிபிலிசுக்கு முதல் ஊசியையும் அசையாமல் போட்டுக்கொண்டா. வெள்ளாமைக் காலத்தில் சேற்றில் இறங்கி நிற்கிற புருசன்தான், அவருக்கும் இரண்டும் இருந்ததால், தன்னுடைய முறை வந்தபோது ஊசியைக் கண்டு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் கிருமி தொற்றாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகப் பாணி மருந்து கொடுத்தார்கள். தாய்ப்பால் கொடுக்காமல் மாப்பால் கரைப்பது ஏன் என்று ஊர் கேட்டதற்கெல்லாம் ராஜினியின் மாமியாரே முன்னுக்கு வந்து, "டொக்டர் சொன்ன மாதிரி வளக்கிறம், உங்களுக்கென்ன?" என்று வாயடைத்தா. பிள்ளைக்கு ஒவ்வொரு சோதனையாக எடுத்தார்கள். கடைசி முடிவு வந்த நாள் அந்தப் பிள்ளை என் மேசைக்குக் கீழே புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லை, சுத்தம் என்று டொக்டர் வாசித்ததும் எங்கள் அறையில் கைதட்டல். புருசன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். ராஜினி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னா:

"அப்ப இவள் இனி இஞ்ச வரத் தேவயில்ல, இந்தக் கிளினிக் எங்க ரெண்டு பேரோடயும் முடியட்டும் மிஸ்."

சொல்லிக்கொள்ளக்கூடிய வருத்தம்

செங்கலடித் தையல்காரர் நல்லதம்பி ஐயா எங்கள் பழைய ஆள். பல வருசமாகக் குளிசை தவறியதில்லை. இப்போது கிருமி இரத்தத்தில் அகப்படுவதே இல்லை. வயதும் மருந்தும் சேர்ந்து இரத்தத்தில் சீனியையும் கொழுப்பையும் கூட்டிவிட்டன, நீரிழிவு. சீனி கிளினிக்குக்கும் போக வேண்டும் என்று சொல்ல எனக்கே கவலையாக இருந்தது. ஒரு நோயை வென்ற மனிசனுக்கு இன்னொரு வருத்தமா?

அடுத்த முறை புதுச் சேட்டுப் போட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சீனி கிளினிக் வாங்கில் பக்கத்து வீட்டுக்காரர், மீன்காரர், பள்ளிக்கூட அதிபர் எல்லோரும் இருந்தார்களாம். எவ்வளவு ஏறியது, என்ன சாப்பிடக் கூடாது என்று மத்தியானம் வரை கதைத்தாராம். எங்கள் வாசலில் தலையைக் குனிந்து, யாரும் காணவில்லையே என்று பார்த்து நுழைகிற மனிசன் அவர். கதிரையில் நிமிர்ந்து இருந்து சொன்னார்:

"இத்தன காலத்துக்குப் பிறகு, வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு வருத்தம் எனக்கு வந்திருக்கு மிஸ்!"

சந்தையில் என்னைக் கண்டதும் முன்பின் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பி, கூடையோடு விறுவிறென்று நடந்து மறைகிற எங்கள் நோயாளிகளின் தொகை கூடக் கூடத்தான், எங்கள் வேலை நன்றாக நடக்கிறது என்று அறிந்துகொள்கிறேன்.