செட் ஆகாமல் எங்கே போகும்

டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பல்செட்காரியிடம் 'செட்' என்ற சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. அச்சில் ஊற்றிய மாவு இறுகினால் செட் ஆகிவிட்டது. மெழுகில் பல் நடுவது செட் பண்ணுவது. மதியம் கூடிச் சாப்பிடும் பக்கத்துக் கடைப் பெண்கள் "நம்ம செட்". மருமகன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோதும், "அந்த ஆபீஸ் அவருக்கு செட் ஆகல, விடுங்க" என்று பஞ்சாயத்தையே முடித்துவிட்டாள். மகள் அகராதியைப் பிரித்து அந்தச் சொல்லின் அர்த்தங்களைப் படித்துக் காட்ட, "இவ்வளவுதானா?" என்றாள் இவள்.

அப்பேர்ப்பட்டவளைத் திணறடித்தது, அவளைத் தூக்கி வளர்த்த அக்காவின் வாய். பல் எல்லாம் போனதிலிருந்து அக்கா வாசல் தாண்டுவதில்லை. யார் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். பேச்சால் தெருவையே கட்டி ஆண்டவள் ஊமையாய்க் கிடப்பதைத் தங்கையால் சகிக்க முடியவில்லை.

ஆசை ஆசையாக ஒரு செட் செய்தாள். அக்காவின் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; அதற்காகக் கேலி பேசாத ஆளில்லை. இப்போது கோடு போட்டதுபோல் வரிசை.

அக்கா மாட்டினாள், கண்ணாடி பார்த்தாள், கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"யாருடி இவ? எனக்கு வேணாம்."

தங்கையின் பெருமை புஸ்ஸென்று போயிற்று. யாருக்குப் பல் கட்டினாலும் பழைய போட்டோவை வாங்கி, இருந்தபடியே நடுவதுதான் அவள் வழக்கம். அக்காவிடம் மட்டும் கேட்கவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியாததா என்ற மிதப்புதான், வேறென்ன!

"குடு இங்க. வேற செஞ்சு தரேன். நீ போட்டுக்கத்தான் போற."

மாமாவிடம் அக்காவின் கல்யாணப் போட்டோவை வாங்கி எதிரே வைத்துக்கொண்டாள். ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பினாள், அடுத்ததை அதன்மேல் லேசாக ஏற்றினாள்.

இந்த முறை அக்கா கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. நெடுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"இது அம்மாவோட பல்லுடி. ஒரு போட்டோகூட இல்லாமப் போய்ட்டாங்க. அம்மா எப்படி இருப்பாங்கன்னு சின்னதுல என்னை நச்சரிப்பியே... நல்லாப் பாத்துக்க, சிரிச்சா இப்படித்தான் இருப்பாங்க."

வாய் நிறையச் சிரித்தாள். எத்தனையோ வாய்களைப் பார்த்தவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழுது முடிச்சிட்டு வா," என்று அக்கா செருப்பைத் தேடினாள். "கடைத்தெருவுக்குப் போய்ட்டு வரலாம்."