தீவிர சிகிச்சைப் பிரிவின் பஞ்சாயத்து

செய்தி வந்தபோது மாலை நாலு மணி பத்து நிமிடம். தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் அப்போது ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து, நேரத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். ஓய்வுபெற்று ஒரு வருடம்கூட ஆகாத பெரிய டாக்டர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். "யாருக்கும் தொந்தரவே குடுக்கல," என்றாள் அவர் மகள். இருபத்தாறு வருடம் எத்தனையோ பேரைப் போகவிடாமல் தொந்தரவு செய்த மனிதர்.

பிரிவுக்குள் அவருக்குப் பெயர் 'பஞ்சாயத்து'. நர்ஸுகள் வைத்தது; அவருக்கும் தெரியும். இதய டாக்டர் வந்து இதயத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சிறுநீரக டாக்டர் சிறுநீரகத்தோடு சரி. ஒருவர் நீர் ஏற்று என்பார், அடுத்தவர் இறக்கு என்பார். படுக்கையில் கிடப்பது ஒரே ஆள்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது இவர் வேலை. பிழைத்துப் போகிறவர்களுக்கு இவர் முகம்கூடத் தெரியாது, மயக்கத்தில் கிடந்திருப்பார்கள்.

அவர் என்ன டாக்டர் என்பது அவருடைய அம்மாவுக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

"உங்க அண்ணன் கண் டாக்டர், நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். நீ எதுக்குடா டாக்டர்?"

"எல்லாத்துக்கும்மா."

"அப்போ எதையுமே ஒழுங்காப் படிக்கலையா?"

இதை அவரே ரவுண்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன், தலைமை நர்ஸின் தம்பி நிமோனியா முற்றி நாலாம் படுக்கைக்கு வந்தான். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். தொண்டையில் குழாய், மூச்சுக்கு இயந்திரம். ஆறாம் நாள், குழாயை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு வந்தது. அவசரப்பட்டு எடுத்து, அவனுக்கு மூச்சுத் திணறினால் மறுபடி போடவேண்டும்; அதைத் தாங்குவானா என்பது சந்தேகம். எடுக்காமல் விட்டாலும் அந்தக் குழாய் வழியாகவே புதுக் கிருமி ஏறலாம்.

காலை ரவுண்டில் அவள் வழக்கம்போல் ஒப்பித்தாள். "நாலாம் படுக்கை, ஆண், முப்பத்தெட்டு வயசு. காய்ச்சல் இல்ல. சிறுநீர் கம்மி."

பஞ்சாயத்து கையைத் தூக்கினார். "சிஸ்டர், நாலாம் படுக்கைக்குக் கூடப்பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒரு அக்கா இருக்காங்க சார்," என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தம்மாவ யூனிஃபார்ம மாத்திட்டு வெளிய பெஞ்சுல போய் உக்காரச் சொல்லுங்க. நான் வந்து பேசறேன்."

பத்தொன்பது வருட வேலையில் அந்தப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை. அதற்கு ஒரு கால் குட்டை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பெஞ்சு ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"லங்ஸ் டாக்டர் இன்னைக்கே எடுங்கறார். ஹார்ட் டாக்டர் ரெண்டு நாள் போகட்டுங்கறார். கிட்னி டாக்டர், உடம்புல நீர் கோத்திருக்கு, மொதல்ல அத வடிங்கங்கறார். மூணு பேர் சொல்றதும் சரி. அதான் தலைவலி."

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"இன்னைக்கு நீர வடிப்போம். நாளைக்குக் காலைல மெஷினோட உதவியக் குறைச்சுட்டு ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு பாக்கறேன். தானா மூச்சு விட்டா எடுக்கறேன். இல்லேன்னா, நீங்க அழுதாலும் எடுக்க மாட்டேன். நல்லபடியா முடியும்னு எழுதிக் குடுக்கவும் மாட்டேன்."

"ஒரு மணி நேரமும் நின்னுக்கிட்டேவா?"

"உக்காந்தா தூங்கிருவேன்மா."

மறுநாள் நின்றார். திரையைப் பார்த்ததைவிட அவன் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம். கழுத்துத் தசை இழுத்தால் ஆள் களைக்கிறான் என்று அர்த்தம். இதய டாக்டர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஜோசியமா?" என்றார். "பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போகும்," என்று மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தார். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போக அன்று அவளுக்கு அனுமதி இல்லை.

ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் ஆனபோது குழாய் வெளியே வந்தது. தம்பி இருமினான், துப்பினான், இரண்டு மூச்சு இழுத்தான். கரகரத்த குரலில் அவன் முதலில் கேட்டது:

"யாரு சார் உங்களுக்கு முடி வெட்டினது?"

"என் பொண்டாட்டி."

"அதான்."

அதற்குப் பிறகு அவர் தலைக்கு மனைவி கத்தரிக்கோல் எடுக்கவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கடைதான்.

இன்று வந்த செய்தியை அவனுக்குச் சொல்லியாக வேண்டும். பொறுப்பை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, நாலரை மணிக்குப் போன் செய்தாள்.

"டேய், கடையில ஆள் இருக்கா?"

"தபால்காரர் உக்காந்திருக்காருக்கா. சவரம் ஓடிக்கிட்டிருக்கு. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னாள். கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

டாக்டர் வீட்டு வாசலில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நின்றபோது மணி ஐந்தே கால். கடையில் விட்டுவந்த தபால்காரருக்கு வலது கன்னம்தான் முடிந்திருந்தது. இடது கன்னம் சவரமாகவில்லை.