ஹருவும் லூசியாளும்

வாசலில் யாராவது வந்து நின்றால் எங்கள் ஊரான புதுக்கடையில் வீட்டுக்குள் இருந்தபடியே "ஆரு?" என்று கேட்பார்கள். யார் என்பதற்கு இந்தப் பக்கத்துப் பேச்சு அது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் என் ஐந்து வயது மகள் எங்கிருந்தாலும் ஓடி வந்து நிற்பாள், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று. வந்தவர்கள் சிரிப்பார்கள். என்னைப் போல வேறு தேசத்தில் வாழ வந்தவர்களுக்கு, அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள எனக்கு எவ்வளவு காலமாயிற்று என்பது புரியும்.

நான் பிறந்தது ஜப்பானில், கோபே துறைமுகத்தில். அங்கே ஜவுளிக் கிடங்கில் வேலைக்கு வந்த அந்தோணியைக் கட்டிக்கொண்டேன். அவருடைய அப்பா இறந்ததும் துணிக்கடையை ஏற்று நடத்த இங்கே வந்தோம். மகள் வயிற்றில் இருக்கும்போதே ஹரு என்று பெயர் நினைத்துவிட்டேன். பனி உருகி, மொட்டையாக நின்ற மரங்களில் பூ வரும் காலத்துக்கு எங்கள் மொழியில் அதுதான் பெயர். கணவருக்கும் சம்மதம். அவருடைய தங்கை திரேசம்மையிடம், குளிர் முடிந்ததும் வருவது ஹரு என்று எனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினேன்.

"இங்க குளிரே கிடையாதே மைனி. பொறவு அது எப்பிடி முடியும்?"

அவள் கேலி செய்யவில்லை. இந்த ஊருக்கு இரண்டு மழை, நடுவில் வெயில், அவ்வளவுதான். மாமியாரின் கவலை வேறு. நாளைக்கு ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டிய பெண்ணுக்கு ஊர் அறியாத பெயர் ஆகாது என்றார். பிரசவித்த உடம்போடு நான் கோயிலுக்குப் போகக்கூடாது. பிள்ளையைக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துத் திரும்பிய கணவர், அவளை என் மடியில் வைத்து, "லூசியாள்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பேச்சில் 'ல' கிடையாது. ரூசியார் என்றுதான் எனக்கு வந்தது. பெற்ற மகளின் பெயர் என் வாயில் நிற்கவில்லை.

நான் ஹரு என்றே கூப்பிட்டேன். என்மேல் இரக்கப்பட்டுத் திரேசம்மையும் அப்படியே கூப்பிடப் பார்த்தாள். அவள் வாயில் அது ஆரு ஆயிற்று. ஊரே பிடித்துக்கொண்டது. பூக்காலம் என்று நினைத்து வைத்த பெயர் வெறும் கேள்வியாகிவிட்டதே என்று பல நாள் குமைந்தேன்.

போன மழைக்காலத்தில் மீன் கொண்டுவந்த புதியவள் ஒருத்தி மகளிடம் பெயர் கேட்டாள். இவள் சொன்னாள்.

"ஆரா? உன்னத்தான் கேக்கேன் மக்கா."

மகள் அவள் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். "ஆரு இல்ல, ஹரு. கையில காத்து படணும்."

மீன்காரி கூடையை இறக்கிவிட்டு இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் சரியாக வந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மத்தியானம் மகளை உட்காரவைத்து, லூசியாள் சொல்லிக்கொடு என்றேன். நாக்கை மேலே ஒட்டச் சொன்னாள். எவ்வளவு ஒட்டியும் ரூசியார்தான்.

"சாரமில்ல அம்மே, பரவால்ல. நீ ஹருன்னே விளி," என்றாள்.

முந்தாநாள் அடுக்களையிலிருந்து நான் "ஹரு" என்று கூப்பிட்ட அதே நேரம், கிணற்றடியிலிருந்து மாமியார் "லூசியாள்" என்றார். முற்றத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எந்தப் பெயருக்கு வேண்டுமோ அதற்கு வரட்டும் என்று நான் மறுபடி கூப்பிடவில்லை. மாமியாரும் கூப்பிடவில்லை.