தொய்வாக விட்ட சங்கிலி

காற்று துளியும் இல்லை. ஆனாலும் மேடை திடீரென்று உதறியது. மேசையிலிருந்த டீ கிளாஸ் உருண்டு விழுந்தது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் கொள்ளாமல் கரைக்கு வந்திருந்தது. கள்ளக்கடல் என்பார்கள். பெயர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, ஆழம் குறைந்த இடத்தில், அலை அளக்கும் கருவிகளுக்கான அந்த மிதக்கும் மேடையை டிசைன் செய்தவள் நான். அலை மேல்மட்டத்தில்தான் பலமாக அடிக்கும். அதனால் அங்கே நான்கு ஒல்லித் தூண்கள் மட்டும்; மேடையைத் தாங்கும் பெரிய மிதவைகளான பான்டூன்கள் தண்ணீருக்கடியில். ஆழ்கடலில் இது போதும். ஆழமில்லாத இடத்தில் நீண்ட அலை தரைவரை தண்ணீரைப் போட்டு ஆட்டும், ஒளிய இடமில்லை. மேடையும் அலையோடு கொஞ்சம் போய்வர வேண்டும். அதற்காகத்தான் நங்கூரச் சங்கிலிகளைத் தொய்வாக விடச் சொல்லியிருந்தேன்.

எங்கள் மேனேஜர் பாதி ஆயுளைத் துறைமுகத்துக்குள், கப்பல்கள் வந்து நிற்கும் பெர்த்தில் கழித்தவர். அங்கே கப்பலை அசையாமல் கட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம். மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள், மேடை ஆடினால் மானம் போகும் என்று, நான் படகில் வந்து ஏறுவதற்குள் நான்கு சங்கிலிகளையும் வின்ச்சில் சுற்றி விறைப்பாக இழுத்துவிட்டார். நங்கூரத்தைச் சரிபார்க்க, எங்கள் முக்குளிப்பாளர் லூர்து கடலுக்கடியில் இறங்கியிருந்தார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை, மேடையில் நின்ற சேவியரின் கையில். சேவியர் லூர்துவின் மனைவிக்குத் தம்பி. முத்துக் குளித்த காலத்திலிருந்து இந்தக் கரையில் அதுதான் வழக்கம். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள்.

ஒவ்வொரு அலைக்கும் சங்கிலி ‘டங்’ என்று தெறித்தது. சங்கிலியின் இழுவிசையைக் காட்டும் லோடு மீட்டர் சிவப்பைத் தொட்டது. சங்கிலி அறுந்தால் லூர்து மேலேயே விழும். இப்போதே தளர்த்தினாலும் அவர் மேல்தான் விழும்.

"இன்னும் இறுக்குங்கலே! ஏலே சேவியர், கயித்தக் கட்டிப்போட்டுட்டு வின்ச்சுக்கு வா!" மேனேஜர் கத்தினார்.

"முடியாது சார். எங்கைல கயிறு இருக்குன்னுதான் மச்சான் எறங்குனாரு."

சேவியர் கயிற்றை மூன்று முறை சுண்டினான். ‘மேலே வா’ என்று அர்த்தம். பதில் இல்லை. மறுபடி சுண்டினான். இல்லை.

நான் வின்ச்சுக்குக் குறுக்கே நின்றேன். "சார், அவன் கையப் பாருங்க."

மேடை பின்னே போனபோது சேவியர் கயிற்றைக் கொஞ்சம் நழுவ விட்டான். முன்னே வந்தபோது வாங்கினான். மேடை அத்தனை ஆடியும் கயிறு ஒருமுறைகூட விறைக்கவில்லை.

"கட்டிப்போட்டிருந்தா ஒவ்வொரு அலைக்கும் லூர்துவப் பிடிச்சு வெட்டி இழுத்திருக்கும். சங்கிலிக்கும் அதான் சார். லூர்து ஏறுனதும் விட்டிரலாம்."

மேனேஜர் பார்த்தார். அவரே போய் வின்ச் பிரேக்கில் கைவைத்துக் காத்து நின்றார்.

அப்போதுதான் கயிறு கீழிருந்து ஒருமுறை சுண்டியது. "வாராரு!" என்று சேவியர் அலறினான். லூர்து ஏணியைப் பிடித்து ஏறி, "கீழ ஒரே கலங்கல், நங்கூரத்தக் கட்டிப்பிடிச்சிக் கெடந்தேன்" என்றார். மேனேஜர் பிரேக்கை விட்டார்; சங்கிலிகள் தளர்ந்தன. உதறல் நின்று மேடை சாவகாசமாக ஆடத் தொடங்கியது. மேனேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பாவம், யாரும் சிரிக்கவில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கடலில் எதையும் கட்டும்போது, எவ்வளவு விட்டுப்பிடிக்கலாம் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அசையாமல் நிற்பதைப் பலம் என்று நம்பாதீர்கள்.

கரைக்குத் திரும்பும் படகிலும் சேவியர் அந்தக் கயிற்றை விடவில்லை. மறுமுனை இன்னும் லூர்துவின் இடுப்பில்.

"இன்னும் எதுக்குலே?" என்றார் மேனேஜர்.

"அக்காட்ட ஒப்படைக்கணும் சார்."